எழுதியவர்: ரோஸ்லின்

செய்தி வந்தபோது நான் பீடோங் அரசாங்கக் கிளினிக்கில் தடுப்பூசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மடியில் ஏழு மாதக் குழந்தை மித்ரா. கைப்பேசியில் ரோஸ்லின் அக்காவுக்குத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். பெண்டாங்கில் கேட்டரிங் செய்கிறவருடைய இணையத்தளம் மெதுவாகத் திறக்கிறதே, நீங்கள் பார்த்தீர்களா, எனக்கு மட்டும்தான் அப்படியா என்று. ஒரு டிக் மட்டும் விழுந்தது. பத்து நிமிடம் பொறுத்து, "அக்கா, கோபமா?" என்று இன்னொன்று அனுப்பினேன். அவர் பதில் போடத் தாமதித்தால் நான் அப்படித்தான் கேட்பேன். அவருக்கு அது சிரிப்பு.

அழைத்தது அவருடைய தம்பி ஜோசப் அண்ணன். "யோகி, எங்க இருக்கே? உட்கார்ந்துக்கோ" என்றார். உட்கார்ந்துதான் இருந்தேன். "அக்கா காலையில குளிக்கப் போனவங்க உள்ளயே விழுந்துட்டாங்க. காடியில ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். பாதி வழியிலயே..." அந்த நேரம் பார்த்துத் தாதி மித்ராவின் பெயரைக் கூப்பிட்டார். எழுந்து போனேன். குழந்தையின் தொடையைப் பிடித்துக்கொண்டேன். ஊசி போட்டார்கள். அவள் அழுதாள், நான் அழவில்லை. காய்ச்சல் வருமா, எத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை மருந்து என்று தாதியிடம் மூன்று தடவை கேட்டேன். வெளியே வந்து குழந்தையோடு படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அக்காவைத் தெரிந்தவர்கள் படிப்பதற்கு நாலு வரி எழுதிக் கொடு என்று ஜோசப் அண்ணன் அடக்கத்தன்றே கேட்டார். முப்பதாம் நாள் பூசையும் முடிந்துவிட்டது. இப்போதுதான் எழுதுகிறேன். தாமதத்துக்குக் குழந்தையைக் காரணம் சொல்லலாம். அது முழு உண்மை இல்லை.

நீங்கள் எல்லோரும் அவர் செய்த இணையத்தளங்களில் ஒன்றையாவது திறந்திருப்பீர்கள். கேக் கடை, கேட்டரிங், பரத வகுப்பு, கோயில், மாதா கோயில் என்று மொத்தம் பதினொன்று. எல்லாமே ப்ளாக் எழுதுகிற மென்பொருளில் கட்டியவை. அதனால் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும், பதிவு எழுதியவரின் பெயர் வரும் இடத்தில், 'எழுதியவர்: ரோஸ்லின்' என்று ஒரு வரி இருக்கும். அவர் போன பிறகு அந்தப் பெயரை எடுத்துவிடும்படி என்னைக் கேட்டார்கள். நான் எடுக்கவும் இல்லை, முடியாது என்று சொல்லவும் இல்லை. அந்த இழுபறியில் ஒரு தளமே காணாமல் போனது. அதைச் சொல்லாமல் அவரைப் பற்றிப் பேச எனக்கு வரவில்லை.

ரோஸ்லின் அக்கா கணினி படித்தவர் இல்லை. பீடோங்கிலிருந்து தினமும் தொழிற்சாலை பஸ் ஏறி சுங்கைப்பட்டாணிக்குப் போய் ஸ்டோர் கிளார்க்காக வேலை பார்த்தவர். வீட்டில் கேக் செய்வார். செய்ததைப் படம் எடுத்து ஒரு ப்ளாக்கில் போட்டு வந்தார். ஆர்டர் கேட்டு ஆட்கள் வந்தார்கள். ஆனால் ப்ளாக்கில் புதியது மேலே வரும், பழையது கீழே போகும். அவர் தொலைபேசி எண் போட்ட பதிவு ஒவ்வொரு கேக்குக்கும் ஒரு படி கீழே இறங்கிக்கொண்டே இருந்தது. ஒரு கிறிஸ்துமஸ் சமயம், எண் கிடைக்காமல் மூன்று பேர் தெரு விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார்களாம். அன்று உட்கார்ந்து, எண்ணைத் தனிப் பக்கமாக்கி மேலே நிறுத்தினார். கேக்குகளை வகை பிரித்தார். முகப்பில் பதிவுகள் வராமல் ஒரே படம் நிற்கும்படி செய்தார். "அன்னிக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன் யோகி, இது டைரி இல்ல, அலமாரி. எதை எந்தத் தட்டுல வைக்கணும்னு நாமதான் சொல்லணும்" என்பார். பக்கத்து வீட்டுத் தையல்காரர் எனக்கும் ஒன்று என்றார். இப்படி ஒவ்வொருவராகக் கேட்க, அக்கா தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டார்.

நான் அவரோடு சேர்ந்தபோது என்னிடம் இணைய வடிவமைப்பில் டிப்ளோமா இருந்தது. அதோடு கொஞ்சம் மண்டைக்கனமும் இருந்தது. பீடோங் கடைவரிசையில் தையல் கடைக்கு மேல்மாடியில் ஒரு அறை, இரண்டு மேசை, ஒரு காற்றாடி. முதல் வாரமே கேட்டுவிட்டேன். "அக்கா, இது ப்ளாக். கதை எழுதறதுக்குச் செஞ்சது. இதுல போய் கோயிலுக்கும் கடைக்கும் வெப்சைட் கட்டறீங்களே."

"ஏன், கோயில் கோவிச்சுக்குமா?"

"இல்லக்கா, முறையா எழுதிக் கட்டினா இன்னும் அழகா, வேகமா இருக்கும்."

"அப்ப நீ கட்டு. நான் வேணாம்னு சொல்லலையே."

அதற்கு வாய்ப்பு வந்தது பல வருடம் கழித்துத்தான். பெண்டாங்கில் கேட்டரிங் செய்யும் முனியம்மா அக்காவின் தளத்தை நான் ஒவ்வொரு வரியாகக் கையால் எழுதினேன். ஒன்றரை மாதம். உண்மையிலேயே அழகாக இருந்தது. வயல் பச்சையில் தலைப்பு, வாழையிலையில் சாப்பாடு, விரலால் தள்ளத் தள்ள வரும் படங்கள். ரோஸ்லின் அக்கா அதைத் தன் கைப்பேசியில் வைத்துக்கொண்டு பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டினார். பிறகு நான் பிரசவத்துக்குப் போனேன். போன நேரத்தில் முனியம்மா அக்கா தன் தொலைபேசி எண்ணை மாற்றினார். தளத்தில் பழைய எண். அதை மாற்ற, நான் எழுதிய கோப்பில் ஏழு இடத்தில் கைவைக்க வேண்டும். எந்த ஏழு என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். நான் தையல் போட்ட வயிற்றோடு, பால் கட்டி, காய்ச்சலில் கிடந்தேன். கல்யாண மாதம். அழைத்தவர்களுக்கெல்லாம் 'இந்த எண் பயன்பாட்டில் இல்லை' என்று மலாயில் ஒரு குரல் சொல்லிக்கொண்டிருந்தது.

ரோஸ்லின் அக்கா எனக்குச் சொல்லவே இல்லை. ஒரே நாளில் அந்தத் தளத்தைத் தன் மென்பொருளில் திரும்பக் கட்டி, அடுத்த நாள் பெண்டாங்குக்குப் போய், முனியம்மா அக்காவின் அடுப்படியிலேயே உட்கார்ந்து, எண்ணை எப்படி மாற்றுவது என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். எனக்கு ஒரு மாதம் கழித்து முனியம்மா அக்கா சொல்லித்தான் தெரியும். "நானே மாத்தினேன்லா. பெரிய வேலைன்னு நெனச்சேன், சாம்பாருக்கு உப்புப் போடற மாதிரி இருக்கு" என்றார். எனக்கு அவமானமாக இருந்தது. என் பச்சைத் தலைப்பு போயிருந்தது. ஏன் என்னைக் கேட்கவில்லை என்று ரோஸ்லின் அக்காவிடம் சண்டைக்குப் போனேன்.

அவர் பதிலை நான் மறக்கவில்லை. "நீ கட்டினது வீடு யோகி, நல்ல வீடு. ஆனா சாவி உன்கிட்ட மட்டும் இருக்கு. நாளைக்கு நாம ரெண்டு பேரும் இல்லாட்டியும் அவங்க கதவைத் திறக்கணும்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பச்சைக் கலரு நல்லா இருந்துச்சு. அதைத் திரும்பக் கொண்டு வரலாம்" என்றார். கொண்டுவந்தோம்.

அவருக்குப் பொறுமை அதிகம் என்று நினைத்துவிடாதீர்கள். தட்டச்சு மெதுவாகச் செய்கிறவர்களைப் பார்த்தால் கை பரபரக்கும். பிடுங்கித் தானே செய்துவிடாமல் இருக்க, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொள்வார். அப்படி உட்கார்ந்தபடிதான் மாணிக்கம் அண்ணனுக்கு எல்லாம் காட்டினார்.

மாணிக்கம் அண்ணன் திகாம் பத்து என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்து மாரியம்மன் கோயிலின் செயலாளர். லாரி பட்டறையில் மேற்பார்வையாளர். தளம் வேண்டும் என்று முதலில் வந்தபோது மிகவும் தயங்கினார். "ஒன்னும் நெனச்சுக்காதீங்க தங்கச்சி. நீங்க வேதக்காரங்க. எங்க கோயில் வேலை செய்ய உங்களுக்குச் சங்கடம் இல்லையே?" ரோஸ்லின் அக்கா சொன்னார், "எங்க மாதா ஒன்னும் சொல்ல மாட்டாங்க அண்ணே. உங்க அம்மாவைக் கேட்டுச் சொல்லுங்க." அவர் சிரித்துவிட்டார். அன்றிலிருந்து ஒன்பது வருடத் திருவிழாவை அக்காதான் செருப்பைக் கழற்றிவிட்டு வெயிலில் நின்று படம் எடுத்தார்.

தளம் தயாரான மறுமாதம் மாணிக்கம் அண்ணன் தானாகவே ஓர் அறிவிப்பு எழுதினார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் துப்புரவுப் பணி, அனைவரும் மண்வெட்டியோடு வரவும். ஞாயிறு காலை பத்து மணிக்கு அக்காவுக்குப் போன் வந்தது. ஒலிபெருக்கியில் நானும் கேட்டேன்.

"தங்கச்சி, வெப்சைட்டு வேலை செய்யல. புதன்கிழமையே போட்டேன். ஒருத்தனும் வரல. நானும் பூசாரியும் மட்டும் நிக்கறோம்."

அக்கா திறந்து பார்த்தார். அறிவிப்பு இருந்தது. அன்று காலை ஏழு மணிக்குத்தான் வெளியாகியிருந்தது. மாணிக்கம் அண்ணன் நோட்டீஸ் அடிக்கிற வழக்கப்படி, தேதி என்று இருந்த பெட்டியில் நிகழ்ச்சியின் தேதியைப் போட்டிருக்கிறார். மென்பொருளோ அது வெளியிட வேண்டிய தேதி என்று எடுத்துக்கொண்டு, ஞாயிறுவரை அறிவிப்பைப் பத்திரமாக உள்ளே பூட்டி வைத்திருக்கிறது. நான் சிரித்தேன். அக்கா என் பக்கம் கையைக் காட்டி அடக்கிவிட்டு, "உங்க மேல தப்பு இல்லண்ணே. பெட்டிக்கு நான் சரியா பேரு வைக்கல" என்றார். அன்றே அந்தப் பெட்டியை அவருடைய திரையிலிருந்து மறைத்துவிட்டார். எனக்கு அப்புறம் தனியாக ஒரு வார்த்தை: "அவருக்கு விளங்கலன்னா நமக்குத்தான் விளங்கல." பிறகு வண்டியெடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போய், மாலைவரை புல் பிடுங்கிவிட்டு வந்தார். முகம் எல்லாம் கொசுக்கடி.

அடக்கத்துக்கு மாணிக்கம் அண்ணனும் வந்திருந்தார். கல்லறைத் தோட்டத்து வாசலில் கடைசிவரை நின்றார். எட்டு நாள் கழித்து என்னை அழைத்தார். குரலே மாறியிருந்தது.

"தப்பா நெனக்காதீங்க. அவங்க மேல மரியாதை இல்லாம இல்ல. திருவிழாவுக்குக் காப்புக் கட்டப் போறோம். அழைப்பு வெப்சைட்டுல இருக்கு. அதுக்குக் கீழ அவங்க பேரு. கமிட்டியில பெரியவங்க ரெண்டு மூனு பேரு சொல்றாங்க, செத்தவங்க பேரு நல்ல காரியத்துல இருக்க வேணாம்னு. நான் என்னா பண்றது சொல்லுங்க."

சரிண்ணே, எடுத்துவிடுகிறேன் என்றேன். கோபம் வந்தது. கோபப்பட நியாயம் இல்லை என்றும் தெரிந்தது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் பார்ப்பார்கள். பயனர் பட்டியலைத் திறந்தேன். ரோஸ்லின் என்ற பெயருக்குக் கீழே, சிவப்பில், நீக்கு என்று இருந்தது. மூடிவிட்டேன். மறுநாள் திறந்தேன், மித்ரா அழுதாள், மூடிவிட்டேன். உண்மையில் அவள் அழுததற்கு நன்றி சொன்னேன். மூன்றாம் நாளும் செய்யவில்லை. அந்த நாட்களில் நான் எதையும் ஒழுங்காகச் செய்யவில்லை. குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன், பதினொரு தளங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பேன், மறுபடி நெற்றி.

நாலாம் நாள் காலை கோயில் தளம் திறந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. தலைப்பு மட்டும் இருந்தது. கீழே வெள்ளை.

மாணிக்கம் அண்ணனை அழைத்தேன். "நான்தான் எடுத்தேன்" என்றார். எனக்குச் சிரமம் கொடுக்க வேண்டாம் என்று தானே செய்திருக்கிறார். ரோஸ்லின் அக்கா கொடுத்த சாவி, அதாவது நிர்வாகக் கடவுச்சொல், அவரிடம் இருந்தது. பயனரை நீக்கும்போது அந்த மென்பொருள் ஒரு கேள்வி கேட்கும். இவருக்குச் சொந்தமான எல்லாவற்றையும் அழித்துவிடவா, அல்லது வேறொருவர் பெயருக்கு மாற்றவா?

"ரெண்டு தடவை படிச்சேன் தங்கச்சி. அவங்க எழுதினதை இன்னொருத்தர் பேருக்கு மாத்தறது எப்படி லா சரி? பாவம் இல்லையா? அதான் அழின்னு கொடுத்தேன். அவங்க போட்டோ, ஈமெயில், அந்த மாதிரி அவங்க சொந்த விஷயம்தான் போவும்னு நெனச்சேன்."

கோயில் முழுவதுமே அக்காவுக்குச் சொந்தமானதாகத்தான் மென்பொருள் கணக்கு வைத்திருந்தது. அழைப்பு, பூசை நேரம், எந்தக் குடும்பத்துக்கு எந்த நாள் உபயம், பஸ் ஏற்பாடு, ஒன்பது வருடம். வெளியூர்களிலிருந்து வருகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் வருவார்கள். காப்புக் கட்ட இன்னும் ஐந்து நாள்.

குழந்தையை என் கணவரிடம் கொடுத்துவிட்டு மேல்மாடி அறைக்குப் போனேன். அக்காவின் மேசையில் உட்காரவில்லை, என் மேசையில் உட்கார்ந்தேன். அழித்த பதிவுகளை அந்த மென்பொருள் ஒரு மாதம் குப்பைத்தொட்டியில் வைத்திருக்கும் என்பது நினைவிருந்தது. இருந்தன. இருநூறுக்கும் மேல். ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்தேன். எழுத்து எல்லாம் வந்துவிட்டது. படங்கள் வரவில்லை. படங்களுக்குக் குப்பைத்தொட்டி கிடையாது, அழித்தால் அழித்ததுதான். நகல் எடுத்து வைத்திருக்க வேண்டும். எழுத்தை நான் எடுக்கறேன், படத்தை நீ எடு என்று அக்கா பிரசவத்துக்கு முன்பே பிரித்துக் கொடுத்திருந்தார். அவருடைய பாதியை அவர் செய்திருந்தார். இதை எழுதத் தாமதமானதற்கு இதுதான் காரணம். இதை உங்கள் முன் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

மாணிக்கம் அண்ணன் கோயிலின் வாட்சாப் குழுவில் செய்தி போட்டார். "வெப்சைட் படம் எல்லாம் என் தவறால் போய்விட்டது. உங்கள் ஹேண்ட்போனில் பழைய திருவிழாப் படம் இருந்தால் அனுப்பவும்." என் தவறு என்று நான் எழுதுவதற்குள் அவர் எழுதிவிட்டார். இரண்டு நாளில் என் கைப்பேசி நிறைந்து வழிந்தது. பால்குடம், அன்னதானம், ரதம், தூங்கிப்போன பிள்ளைகள், பாதி விரல் மறைத்த படங்கள். பார்த்துப் பார்த்துப் பதிவுகளில் ஏற்றினேன். ஏற்றும்போதுதான் கவனித்தேன். முன்பு தளத்தில் இருந்த படங்களை எடுத்தவர் ரோஸ்லின் அக்கா. அதனால் அவர் எதிலும் இருந்ததில்லை. இப்போது வந்தவை மற்றவர்கள் எடுத்தவை. ரதத்துக்கு முன்னால் கேமராவோடு பின்னோக்கி நடக்கிறார். பந்தியில் அப்பளத்தை உடைக்கிறார். மழையில் கேமராவைத் துப்பட்டாவுக்குள் மறைத்து, தான் நனைந்துகொண்டு நிற்கிறார். ஒன்றில் மாணிக்கம் அண்ணன் ஒலிவாங்கியில் பேசுகிறார், பின்னால் இவர் கொட்டாவி விடுகிறார். ஒதுக்க ஒதுக்க வந்துகொண்டே இருந்தார். அவர் இல்லாத படங்களை மட்டும் போடுவதென்றால் பாதித் திருவிழா இருக்காது.

மாணிக்கம் அண்ணனை வரவழைத்துக் காட்டினேன். நின்றபடியே எல்லாவற்றையும் பார்த்தார். கொட்டாவிப் படத்தை இரண்டு முறை பார்த்தார்.

"கமிட்டியில கேட்டாங்கன்னா?" என்றேன்.

"பேரைத்தான் எடுக்கச் சொன்னாங்க. படத்தைப் பத்தி யாரும் பேசல" என்றார். அப்புறம், "பேசினாங்கன்னா நான் பாத்துக்கறேன்."

பெயர் பாக்கி இருந்தது. மீட்ட பதிவுகளின் அடியில் 'எழுதியவர்:' என்று இருந்தது, அதற்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. நான் இதுவரை எந்தத் தளத்திலும் என் பெயரைப் போட்டதில்லை. நிர்வாகம் என்று போட்டுவிட்டு ஒளிந்துகொள்வேன். யாராவது ஏதாவது கேட்டுவிடுவார்களோ என்று பயம். அதற்காக அக்கா ஒரு முறை என்னைப் பிடித்துக்கொண்டார். "பேரு போடறது பெருமைக்கு இல்லடி. தப்பு இருந்தா யாரைக் கூப்பிட்டுத் திட்டறதுன்னு அவங்களுக்குத் தெரிய வேணாமா?"

திருவிழா முடியும்வரை 'எழுதியவர்' வரியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 'பிழை இருந்தால் அழைக்கவும்: யோகேஸ்வரி' என்று எழுதி என் எண்ணைக் கொடுத்தேன். காப்பு அவிழ்த்த மறுநாள், மாணிக்கம் அண்ணனிடம் சொல்லிவிட்டு, அக்காவின் பெயரில் மறுபடியும் ஒரு கணக்குத் திறந்து, அவர் எழுதிய பதிவுகளை எல்லாம் அதற்கு மாற்றினேன். எழுதியவர் வரி திரும்ப வந்தது. என் வரியையும் அதற்குக் கீழே விட்டுவைத்தேன். மற்ற பத்துத் தளங்களிலும் அப்படியே. அவர் கணக்கு எதையும் நீக்கவில்லை. அதிகாரத்தை மட்டும் குறைத்திருக்கிறேன். எழுதவும் திருத்தவும் இனி முடியாது, வாசிக்க மட்டும் முடியும் என்று ஒரு நிலை அதில் உண்டு.

காலையில் பதினொன்றையும் திறந்து பார்ப்பதை நான் இன்னும் நிறுத்தவில்லை. நிறுத்த முடியும் என்று தோன்றவும் இல்லை. நேற்று சுங்கைப்பட்டாணியிலிருந்து ஓர் அம்மாள் அழைத்தார். வெள்ளிக்கிழமைப் பூசை ஏழு மணி என்று போட்டிருக்கிறீர்கள், ஏழரைக்குத்தான் தொடங்கினார்கள், முட்டி வலியோடு அரை மணி நேரம் நின்றேன், ஒரு வேலையை ஒழுங்காகச் செய்யத் தெரியாதா என்று நிறுத்தாமல் திட்டினார். மித்ராவை இடுப்பில் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டேன். மன்னிப்புக் கேட்டேன், நேரத்தை ஏழரை என்று மாற்றினேன். ரோஸ்லின் அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான். முன்பு அவருக்குப் போய்க்கொண்டிருந்த அழைப்புகள் இப்போது எனக்கு வருகின்றன. எடுக்கிறேன்.